யாருடைய எலும்பு? – தாடை எலும்பு ஒட்டுச் சிகிச்சையின் சரித்திரம்



நான் அந்தமான் தீவில் முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஜாகை பத்துபஸ்தியில். போர்ட் பிளேர் என்று நீங்கள் எல்லோரும் அறிந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அந்த ஊரை ஒட்டிய குடியிருப்புத்தான் எங்கள் பத்துபஸ்தி. தெருவில் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் கேட்கும். சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணிக்குள் வந்துவிடலாம்.

சரித்திர வாத்தியார் பல் வைத்தியத்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் என் கீழ்த்தாடையின் வலது கடைவாய்ப்பல். ஆறு வருஷம் முன்பு அதை எடுத்தார்கள். "ஒரு பல்தானே" என்று அப்படியே விட்டுவிட்டேன். போன வருஷம் அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் என்கிற டைட்டானியம் திருகு வைத்துப் பல் கட்டிக்கொள்ளலாம் என்று இங்குள்ள ஒரு இளம் பல் மருத்துவரிடம் போனேன். ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். "சார், திருகு வைக்க எலும்பு போதாது. முதலில் எலும்பு ஒட்டு வைத்து அகலப்படுத்த வேண்டும். நாலைந்து மாதம் கழித்துத்தான் திருகு" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி செலவைப் பற்றி அல்ல, வலியைப் பற்றியும் அல்ல. "யாருடைய எலும்பு, டாக்டர்?" என்றுதான் கேட்டேன். அப்படிக் கேட்கும்படி எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அக்கா பட்ட மனக்கஷ்டம்.

அக்காவின் கதை

அக்கா மும்பையில் செம்பூரில் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் ஸ்நானம் பண்ணாமல் அடுப்பு பற்ற வைக்கமாட்டாள். 2013-ல் அங்கே ஒரு பல் மருத்துவமனையில் அவளுக்கு எலும்பு ஒட்டு வைத்து, பிறகு இம்ப்ளாண்டும் வைத்தார்கள். வேலை சுத்தமாகவே நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு வருஷம் கழித்து வேறு ஒரு மருத்துவரிடம் போக நேர்ந்தபோது பழைய கோப்பை வாங்கி வந்தாள். ஒட்டு மருந்து வந்த டப்பாவின் லேபிளைக் கிழித்து நோயாளியின் கோப்பில் ஒட்டிவைப்பது வழக்கம். அதைப் பேரன் படித்துச் சொன்னான். மாட்டெலும்பிலிருந்து எடுத்த தாதுத்தூள் என்று அதில் இருந்தது.

அக்கா அழவில்லை, யாரையும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பத்து நாள் சுவாமி அலமாரியைத் திறக்கவில்லை. நைவேத்யத்துக்கு மாட்டுப்பெண்ணை விட்டுப் பண்ணச் சொன்னாள். அந்த மருத்துவமனைக்குப் போய், "அதை எடுத்துடுங்கோ" என்று கேட்டாள். "உங்கள் எலும்போடு எலும்பாகச் சேர்ந்துவிட்டதம்மா, இனி பிரிக்க முடியாது" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? கையெழுத்து வாங்கிய தாளில் 'ஒட்டுப் பொருள்' என்று மட்டும் இருந்தது.

குடும்ப வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள். "அறியாமல் நேர்ந்ததற்கு மனசைப் போட்டு வருத்திக்காதீங்கோ. சஹஸ்ரநாமம் சொல்லிண்டு வாங்கோ" என்று அவர் சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பழைய அக்காவானாள்.

அந்த நாளிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படித்ததில் தெரிந்துகொண்டது ஒன்று: 'யாருடைய எலும்பு' என்ற கேள்வி அக்காவோடு பிறந்ததல்ல. எலும்பு ஒட்டுச் சிகிச்சை பிறந்த அன்றே கூடப் பிறந்தது.

பல் போனால் எலும்பும் போகும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எலும்பும் போகும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பல்லைத் தாங்கும் தாடை விளிம்பு பல்லுக்காகவே இருக்கிறது. மெல்லும்போது வேர் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அதற்கு வேலை. பல் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலையில்லாத எலும்பை உடம்பு கரைத்துக்கொள்கிறது. டென்மார்க்கில் செய்து 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, கடைவாய்ப்பக்கத்தில் பல்லை எடுத்த ஒரு வருஷத்துக்குள் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு தேய்மானம் முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. முழுப் பல்செட் கட்டியவர்களை இருபத்தைந்து வருஷம் வரை கவனித்து டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர் 1972-ல் எழுதினார். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை நாலு மடங்கு தேய்கிறது என்று கண்டார்.

நம் பாட்டிமார்களின் கன்னம் குழிந்து, மோவாய் மேலேறி மூக்கைத் தொட வந்ததற்குக் காரணம் இதுதான். பல் விழுந்தது மட்டுமல்ல, பல் நின்ற மேடே கரைந்துவிட்டது. அந்த மேட்டைத் திரும்பக் கட்டுவதுதான் எலும்பு ஒட்டு. எதை வைத்துக் கட்டுவது என்பதில்தான் மூன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

நாயின் எலும்பும் மதத்தின் கோபமும்

எழுத்தில் பதிவான முதல் எலும்பு ஒட்டு, யோப் வான் மேக்கரன் என்ற ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவரின் புத்தகத்தில் வருகிறது. அவர் காலமான பிறகு 1668-ல் அது அச்சாயிற்று. தான் கேள்விப்பட்டதாக அவர் எழுதியிருப்பது இது: ரஷ்யாவில் ஒரு பிரபுவின் மண்டையில் வாள்வெட்டு விழுந்து எலும்பு பெயர்ந்துபோயிற்று. ஒரு நாயின் மண்டையோட்டிலிருந்து அளவாக ஒரு துண்டை வெட்டி வைத்து மருத்துவர் அதைச் சரிசெய்துவிட்டார். பிரபு சந்தோஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கிறிஸ்தவன் தலையில் நாயெலும்பா என்று அவருடைய மதபீடம் அவரை விலக்கி வைத்தது. அவரும் அதை எடுத்துவிடச் சொன்னார்.

இதுவரை எல்லோரும் ஒன்றாகவே சொல்கிறார்கள். பிறகு கதை இரண்டாகப் பிரிகிறது. எடுத்துவிட்டுச் சபையில் சேர்ந்தார் என்கிறார்கள் சிலர். திறந்து பார்த்தபோது எலும்பு ஒன்றாகிவிட்டிருந்தது, எடுக்க முடியவில்லை என்கிறார்கள் சிலர். இதைப் படித்தபோது எனக்கு ரஷ்யப் பிரபுவின் முகம் தெரியவில்லை. செம்பூரில் மூடிய அலமாரி முன் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம்தான் தெரிந்தது. நாட்டுக்கு நாடு ஆசாரம் மாறலாம். கேள்வி மாறவில்லை.

அடுத்த படி ஸ்காட்லாந்தில். கிளாஸ்கோ நகரில் வில்லியம் மேக்கெவன் என்ற அறுவை மருத்துவரிடம் நாலு வயசுப் பையன் ஒருவன் வந்தான். சீழ் பிடித்து மேற்கையின் எலும்பு அழிந்துவிட்டிருந்தது. அந்தக் காலத்தில் எலும்பு மெலிவு நோயால் கால் வளைந்த குழந்தைகளுக்கு அவர் எலும்பை வெட்டி நேராக்கி வந்தார். அப்படி வெட்டி எடுத்த துண்டுகளை எறியாமல் பையனின் கையில் வைத்தார். கை எலும்பு வளர்ந்து சேர்ந்தது. 1881-ல் இதை உலகுக்கு அறிவித்தார். ஒரு மனிதனின் எலும்பு இன்னொரு மனிதனுக்குப் பயன்படும் என்பது இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

வைத்த எலும்பு அப்படியே உயிரோடு இருக்கிறதா, செத்துப்போகிறதா என்று அப்புறம் பெரிய வாதப்பிரதிவாதம் நடந்தது. ஒட்டிய எலும்பில் பெரும்பகுதி இறந்துவிடுகிறது, அதைச் சாரமாக வைத்துக்கொண்டு உடம்பு தன் சொந்த எலும்பை ஊர்ந்து ஊர்ந்து கட்டுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் தெளிவாயிற்று. கொத்தனார் கட்டுகிற சாரம் போலத்தான். ஆனால் எல்லாச் சாரமும் ஒரே வேகத்தில் பிரிக்கப்படுவதில்லை. சொந்த எலும்பு சில மாதத்தில் மாறிவிடும். மாட்டெலும்புத் தாதுவும் சில செயற்கைத் தாதுக்களும் பல வருஷங்கள் அப்படியே உள்ளே இருக்கும். ஆகவே "எல்லாம் கரைந்துபோய் உன் எலும்பாகவே ஆகியிருக்கும்" என்று அக்காவுக்குப் பொய்ச் சமாதானம் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

போர்க்களத்திலிருந்து பல் நாற்காலிக்கு

தாடைக்கு எலும்பு ஒட்டுவது பெரிய அளவில் வளர்ந்தது முதல் உலகப் போரில். பதுங்குகுழிப் போரில் தலையைத் தூக்கிய சிப்பாய்களுக்கு முகத்திலும் தாடையிலும் குண்டு பாய்ந்தது. நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்ட் கில்லீஸ், இங்கிலாந்தில் சிட்கப் என்ற இடத்தில் 1917-ல் திறந்த மருத்துவமனையில் பல் மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் அங்கே நடந்தன. சிதறிப்போன தாடையின் இடைவெளியை நிரப்ப அந்த வீரனின் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்தோ விலாவிலிருந்தோ துண்டு எடுத்தார்கள். இன்றைக்கும் பெரிய குறைகளுக்கு இடுப்பெலும்புதான் முதல் வரிசையில் நிற்கிறது. புற்றுநோய்க்காகத் தாடையையே வெட்டி எடுக்க நேர்ந்தால், காலின் சிற்றெலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்து வைக்கிறார்கள். இதை அமெரிக்க மருத்துவர் ஹிடால்கோ 1989-ல் எழுதினார்.

சாதாரணக் குடும்பஸ்தர்களுக்கு இந்தச் சிகிச்சை தேவைப்பட்டது டைட்டானியம் வந்த பிறகு. ஸ்வீடன் தேசத்து பிரோனமார்க் 1952 வாக்கில் முயலின் காலெலும்பில் டைட்டானியம் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965-ல் யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானியம் வேர் வைத்துப் பல் கட்டினார். 2006-ல் லார்சன் காலமாகும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அது உழைத்தது. 1982-ல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் இதை ஏற்றுக்கொண்டது.

திருகு நிற்க எலும்பு வேண்டும். வயதானவர்களுக்கு எலும்பு இல்லை. ஒரு பல்லுக்காக இடுப்பெலும்பை வெட்டிக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? ஆகவே டப்பாவில் கிடைக்கும் எலும்பைத் தேட ஆரம்பித்தார்கள். அமெரிக்கக் கடற்படை 1949-லேயே திசு வங்கி ஒன்றைத் தொடங்கி, இறந்தவர்கள் தந்த எலும்பை உறைய வைத்து உலர்த்தும் முறையை வளர்த்திருந்தது. 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட், தாதுவை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தாலும் அங்கே புது எலும்பு உண்டாகிறது என்று காட்டினார். எலும்பை முளைக்க வைக்கும் புரதம் ஒன்று அதில் இருக்கிறது என்பது அதனால் தெரிந்தது. மாட்டெலும்பிலிருந்து புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கி, வெறும் தாதுவை மட்டும் துகளாக்கி விற்பது 1980-களில் சுவிட்சர்லாந்திலிருந்து பரவியது. மனித எலும்பின் நுண்துளைகளும் இதன் துளைகளும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் உலகெங்கும் பல் மருத்துவர்களுக்கு இது பிடித்துப்போயிற்று. அக்காவுக்கு வைத்தது இந்த வகைத் துகள்தான்.

எங்கள் கடலில் ஒரு எலும்பு

அந்தமான்காரனுக்குப் பெருமை தரும் ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். 1974-ல் அமெரிக்காவில் ராய், லினஹன் என்ற இருவர், பவளப்பாறையை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றினால் எலும்பின் தாதுவாகிவிடும் என்று கண்டார்கள். போரைட்டிஸ் என்ற பவள வகையின் துளைகள் மனித எலும்பின் துளைகளைப் போலவே ஒன்றோடொன்று இணைந்தவை. அதிலிருந்து பல் வைத்தியத்துக்கு ஒட்டுத் துகள் தயாரித்தார்கள்.

அந்தப் போரைட்டிஸ் எங்கள் கடலிலும் வளர்கிறது. வண்டூர்ப் பக்கம் கடற்கரையில் நடந்தால் செத்த பவளத் துண்டுகள் காலில் இடறும். முப்பது வருஷம் மிதித்து நடந்திருக்கிறேன். தாடைக்கு உதவுமென்று எனக்குத் தெரியாது. ஆனால் யாத்திரை வரும் அன்பர்கள் தயவுசெய்து ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்.

இந்தத் தீவுக்கும் தாடை எலும்புக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. இத்தீவின் ஆதிகுடிகளில் பேரந்தமானியர் என்று சொல்லப்படுபவர்கள், இறந்தவரைப் புதைத்துச் சில மாதம் கழித்து எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கடலில் கழுவி, செம்மண் பூச்சுப் பூசி வைத்துக்கொள்வார்கள். மண்டையோட்டையும் தாடை எலும்பையும் நெருங்கிய சொந்தக்காரர்கள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்வார்கள். தலைவலி வந்தால் எலும்புச் சரத்தை வலிக்கிற இடத்தில் கட்டிக்கொள்வார்கள். 1880-களில் இ.எச். மேன் என்ற அதிகாரியும், 1906 முதல் 1908 வரை இங்கே தங்கிய ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாரும் இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அந்த மக்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். "நாம் அஸ்தியைக் கலசத்தில் எடுத்துக் கடலில் கரைக்கிறோம். அவர்கள் கடலில் கழுவிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் பிரியம்தான்" என்பேன். இறந்தவரின் எலும்பு உயிரோடிருப்பவரின் வலியை ஆற்றும் என்று நம்பினார்கள் அவர்கள். இன்றைய எலும்பு வங்கி வேறு வழியில் அதையே செய்கிறது.

கேட்டுக் கொடுத்த எலும்பு

நம் தேசத்தில் அப்படிப்பட்ட வங்கி மும்பையிலேயே இருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை 1988-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் உதவியோடு திசு வங்கியைத் தொடங்கியது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் எடுத்துவிடும் தொடையெலும்பின் தலைப்பகுதி போன்றவற்றைக் கொடுப்பவர்களின் சம்மதத்தோடு வாங்குகிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்து, கழுவி, உறைய வைத்து உலர்த்தி, காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள். கதிரால் கிருமி நீக்கும் ஐசோமெட் நிலையம் டிராம்பேயில் 1974 முதல் நடந்து வருகிறது. அக்கா வீட்டிலிருந்து டிராம்பே கூப்பிடு தூரம்! மனித எலும்பு தன் ஊரிலேயே கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. 2011-ல் அதைத் திருத்தியபோது எலும்பு முதலிய திசுக்களையும் அதில் சேர்த்தார்கள்.

எலும்பே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டை ரசாயன முறையில் செய்துவிடலாம். அமெரிக்காவில் லேரி ஹெஞ்ச் என்பவர் 1969-ல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியைக் கண்டுபிடித்தார். நம் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் இவ்விரண்டையும் சேர்த்து உள்நாட்டிலேயே ஒட்டுத் துகளை உருவாக்கி, தயாரிப்பு முறையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தது. செயற்கை இதய வால்வை நம் நாட்டிலேயே செய்து காட்டிய அதே நிறுவனம்தான்.

இங்கே ததீசி மகரிஷியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விருத்திராசுரனை வெல்ல வஜ்ராயுதம் வேண்டும். அதற்கு மகரிஷியின் எலும்பு வேண்டும். தேவர்கள் என்ன செய்தார்கள்? சர்வ வல்லமை உள்ளவர்கள்தானே, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆசிரமத்துக்கு வந்து கைகூப்பிக் கேட்டார்கள். அவர் சம்மதித்துக் கொடுத்தார். தேவர்களே கேட்டுத்தான் எலும்பை எடுத்தார்கள் என்பதைப் பவுராணிகர்கள் பிரசங்கத்தில் அழுத்திச் சொல்வதில்லை. ததீசியின் தியாகத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு இப்போது அந்தக் கேட்டதுதான் பெரிதாகப் படுகிறது.

பரம் வீர் சக்கரப் பதக்கத்தைச் சுற்றிப் பொறித்திருக்கும் நாலு வஜ்ராயுதங்கள் இந்த எலும்பின் நினைவுதான். 2023 ஜனவரி 23 அன்று எங்கள் தீவுக்கூட்டத்தில் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயரை வைத்தார்கள். அதில் ஒன்று, 1987-ல் இலங்கையில் வீரமரணம் அடைந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரில் இருக்கிறது.

தகப்பனார் போட்டுக்கொண்ட ஊசி

"ஆபத்துக்குப் பாவமில்லை. மருந்தில் என்ன ஆசாரம்?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் தகப்பனாருக்கு 1970-களில் சர்க்கரை வியாதி. அன்று கிடைத்த இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தது. ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய மனித இன்சுலினுக்கு 1982-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினம் சந்தியாவந்தனம் தவறாதவர். குடும்ப டாக்டர் அவரை உட்கார வைத்து, "இது இன்னதிலிருந்து வருகிறது, வேறு மருந்து இல்லை" என்று சொன்னார். அப்பா ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் காலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சாகும் வரை அதற்காக மனம் நொந்ததில்லை.

அப்பா உடம்புக்குள் போனதும் மாட்டிலிருந்து வந்ததுதான். அக்கா உடம்புக்குள் போனதும் அதுதான். ஒருவர் நிம்மதியாக இருந்தார், ஒருத்தி பத்து நாள் சாமி அலமாரியைத் திறக்கவில்லை. வித்தியாசம் என்ன? அப்பாவிடம் சொன்னார்கள். அக்காவிடம் சொல்லவில்லை.

என் பல்லுக்கு என்ன முடிவு

எங்கள் இளம் டாக்டர் என் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. மேஜையில் நாலு விரலை மடக்கி எண்ணினார். "ஒன்று, உங்கள் எலும்பு. உயிருள்ளது, நன்றாகப் பிடிக்கும். ஆனால் தாடையின் பின்பக்கம் இன்னொரு இடத்தில் கீற வேண்டும். இரண்டு, வேறு மனிதர் தந்தது. மூன்று, மாடு. நாலு, செயற்கை. உங்களுக்கு இருப்பது சின்னக் குறை. உங்கள் எலும்பைக் கொஞ்சம் சுரண்டி, செயற்கைத் துகளோடு கலந்தால் போதும். சொல்லுங்கள்" என்றார்.

அன்று ராத்திரி அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அம்பி, எனக்கு மாட்டெலும்புன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வேற வழியே இல்லைன்னா ஒருவேளை சரின்னும் சொல்லியிருப்பேன். யார் கண்டா? ஆனா அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னோடதுதானேடா?"

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவளே, "உன் டாக்டர் கேட்டாரோன்னோ, அது போறும். எதுவா இருந்தாலும் தைரியமாப் பண்ணிக்கோ" என்றாள்.

டாக்டர் சொன்னபடியே என் எலும்பும் செயற்கைத் துகளும் கலந்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கன்னம் வீங்கியிருந்தது. ஒரு வாரம் தயிர்சாதமும் ரசஞ்சாதமும்தான். ஐந்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் மேடு நன்றாக வந்திருந்தது, திருகும் வைத்தாயிற்று. அடுத்த மாதம் பல் கட்டுகிறார்கள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

எந்த எலும்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல நான் யாருமில்லை. மாட்டெலும்புத் தாதுவை ஏற்கிறேன் என்று தெரிந்தே சொல்பவரும் நம்மில் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்கள், முக்கியமாக வயதான தாய் தகப்பனாரை அழைத்துப்போகும் பிள்ளைகளும் பெண்களும், நாற்காலியில் சாய்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள்.

பல்லை எடுக்கும்போதே குழியை நிரப்பிப் பாதுகாக்க முடியுமா என்று கேளுங்கள். பிற்பாடு பெரிய ஒட்டு தேவைப்படாமல் போகலாம். என்னைப்போல் ஆறு வருஷம் விட்டுவிடாதீர்கள்.

ஒட்டு வைப்பதென்றால் அது எங்கிருந்து வந்தது, வேறு என்ன வகை உண்டு, எனக்கு எது போதும் என்று கேளுங்கள். மேலே மூடும் சவ்வு எதனால் ஆனது என்றும் சேர்த்துக் கேளுங்கள். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டின் கொலாஜன் ஆக இருக்கும், செயற்கையிலும் கிடைக்கிறது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்புத் தேய்மானத்துக்காக மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்துகளில் சில தாடைப் புண் ஆறுவதைத் தடுக்கும் என்பது 2003 முதல் தெரிந்த விஷயம். புகையிலை உள்ளவர்கள் அதை விட்டுவிட்டுப் போங்கள்.

டப்பா லேபிள் ஒட்டிய தாளின் நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இப்போது தினமும் சுவாமி அலமாரியைத் திறக்கிறாள். அந்த ஒட்டின் மேல் நின்ற பல்லால்தான் பிரசாதம் சாப்பிடுகிறாள். போன மாதம் பேசும்போது, திசு வங்கிக்கு எலும்பு கொடுக்க வயசு வரம்பு உண்டா என்று விசாரிக்கச் சொன்னாள். "எதுக்கு?" என்றேன். "கேட்டா கொடுக்கலாமேன்னுதான்" என்றாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.